நீர் விட்ட வழியில் எண்ணெய்

கொச்சி மாநகரின் வைட்டிலாவில் அன்றாட வாழ்க்கை இரண்டு திரவங்களை நம்பி நடக்கிறது. இரண்டும் வெளியிலிருந்தே வருகின்றன. மொபிலிட்டி ஹப்பில் வரிசையாக நிற்கும் பேருந்துகளுக்கான டீசல், சற்றுக் கிழக்கே அம்பலமுகளில் 1966ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சுத்திகரிப்பு ஆலையிலிருந்தும், வீடுகளுக்கான குடிநீர், பெரியாறு, மூவாற்றுப்புழை ஆகிய ஆறுகளிலிருந்து குழாய்களின் வழியாகவும் வந்து சேருகின்றன. ஆலைக்கு வேண்டிய கச்சா எண்ணெயைப் புதுவைப்புக்கு அப்பால் கடலில் மிதக்கும் இறக்குமிடத்தில் கப்பல்கள் இறக்கிவிட்டுப் போகின்றன. இத்தனைக்கும் இப்பகுதியின் நிலத்துக்கு அடியில் இருப்பவை மணலும் களிமண்ணும் மாறிமாறிப் படிந்த அடுக்குகள். உலகின் பெட்ரோலியத்தில் கணிசமான பகுதியும், நிலத்தடி நீரின் மிகப் பெரிய தேக்கங்களும் இத்தகைய அடுக்குகளில்தான் கிடைத்திருக்கின்றன. அப்படியிருக்க, இங்கு ஏன் எண்ணெய் இல்லை, நீர் இருந்தும் அதில் ஏன் இத்தனை உப்பு, மலைத்தொடருக்கு அப்பால் காவிரி டெல்டாவில் மட்டும் இரண்டும் ஒரே நிலத்தின் கீழ் எப்படி அமைந்தன என்று கேட்டுக்கொண்டே போனால், எண்ணெயின் வரலாறு என்று தனியாக ஒன்று இல்லை, அது நீரின் வரலாற்றுக்குள் நிகழும் ஒரு சிறு கிளைக்கதை என்ற இடத்துக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது.

படிவுப் படுகை என்பது, புவியின் மேலோடு ஏதோ ஒரு காரணத்தால் தாழ்ந்துகொண்டே வர, அந்தப் பள்ளத்தில் ஆறுகளும் கடலும் கொண்டுவந்து போட்ட மணல், வண்டல், களிமண், சுண்ணாம்பு ஆகியவை கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, தங்கள் எடையாலேயே இறுகிப் பாறையான பகுதி. கேரளத்தில் மலையையும் இடைநாட்டையும் தாங்கி நிற்பவை சார்னோக்கைட், நைஸ் போன்ற, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயதுடைய பழம்பாறைகள். அவற்றின் மேற்கு விளிம்பு கடலை நோக்கிச் சரிந்து இறங்கும் இடத்தில், கரையோரமாக ஓர் ஆப்பு வடிவில் படிவுகள் சாய்ந்து கிடக்கின்றன. வைக்கம் படிவு, அதன்மேல் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்த கொல்லம் படிவு, அதற்கும் மேல் மணற்கல்லும் களிமண்ணும் பழுப்பு நிலக்கரித் துணுக்குகளும் கொண்ட வர்க்கலை படிவு, எல்லாவற்றுக்கும் மேலே அண்மைக் காலக் கடற்கரை மணலும் காயல் சேறும் என்று இவ்வரிசை செல்கிறது. எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் ரயிலில் ஏறுபவர், அறியாமலேயே இப்படிவுகளுக்குப் பெயர் கொடுத்த ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கிறார். ஆலப்புழைக் கரையோரத்தில் ஏறத்தாழ 600 மீட்டர் வரை தடித்திருக்கும் இந்த ஆப்பு, கிழக்கே போகப்போக மெலிந்து, வெட்டுக்கல் மேடுகளுக்கு அடியில் மறைந்துவிடுகிறது. வைட்டிலா அமைந்திருப்பது அந்த மேடுகளுக்கும் காயலுக்கும் நடுவில்.

இந்த அடுக்குகளில் எங்கும் வெற்றிடம் கிடையாது. மணற்பருக்கைகளுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் அனைத்தும் நீரால் நிறைந்திருக்கின்றன. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே, எத்தனை கிலோமீட்டர் ஆழம் சென்றாலும், துளை இருக்கும் இடமெல்லாம் நீரோ, நீரை அகற்றிவிட்டு அங்கே வந்து அமர்ந்த எண்ணெயோ எரிவாயுவோ இருக்கும். ஒரு பாறையில் எவ்வளவு துளை உண்டு என்பது வேறு, அத்துளைகள் ஒன்றோடொன்று இணைந்து நீரை எவ்வளவு தாராளமாக விடுகின்றன என்பது வேறு. களிமண்ணில் துளைகளின் மொத்த அளவு மணலைவிட அதிகமாகவே இருக்கலாம், ஆனால் அவை மிக நுண்ணியவை என்பதால், நீரைக் கடத்தும் ஆற்றலில் நல்ல மணலும் இறுகிய களிமண்ணும் பத்து லட்சம் மடங்குக்கு மேலும் வேறுபடுகின்றன. இந்த ஆற்றலுக்கு ஊடுருவுதிறன் என்று பெயர். பிரான்சின் திஜோன் நகருக்குக் குடிநீர்த் திட்டம் வகுத்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்திப் பார்த்து, நீரோட்டம் அதைத் தள்ளும் விசையின் சரிவுக்கும் மணலின் ஊடுருவுதிறனுக்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது என்று 1856இல் வெளியிட்ட விதிதான், இன்று வரை நிலத்தடி நீரியலுக்கும் பெட்ரோலியப் பொறியியலுக்கும் பொதுவான அடித்தளம்.

தள்ளும் விசை எது என்பதில் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. நீர் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாய்கிறது என்பது பரவலான நம்பிக்கை; ஆனால் அசையாமல் நிற்கும் ஒரு கிணற்றின் அடியில் மேற்பரப்பைவிட அழுத்தம் அதிகம், அங்கிருந்து நீர் மேலெழுந்து பாய்வதில்லை. அமெரிக்கப் புவியியலாளர் கிங் ஹப்பர்ட் 1940இல் எழுதிய நீண்ட கட்டுரையில், நீரின் உயரத்தால் வரும் ஆற்றலையும் அழுத்தத்தால் வரும் ஆற்றலையும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்த ஆற்றல் எங்கே குறைகிறதோ அங்கேதான் நீர் பாயும் என்று நிறுவினார். ஹங்கேரியில் பிறந்து கனடாவில் பணியாற்றிய யோசெஃப் தோத், 1963இல் இதை நிலப்பரப்பின் மேடுபள்ளங்களோடு இணைத்தார். ஒரு மேட்டில் விழும் மழையில் பெரும்பகுதி அருகிலுள்ள ஓடையிலேயே ஊறி வெளிப்பட்டுவிடும். சிறிதளவு இன்னும் ஆழ்ந்து அடுத்த பள்ளத்தாக்கில் வெளிவரும். மிகச் சிறிதளவே படுகையின் அடி வரை இறங்கி, பல பத்துக் கிலோமீட்டர் தள்ளி, கடலோரத்திலோ பெருஞ்சமவெளியிலோ மேலெழும். முதல் வகை நீருக்குப் பயணக் காலம் மாதங்களும் ஆண்டுகளும், மூன்றாம் வகைக்கு ஆயிரங்களும் பத்தாயிரங்களும்.

இதில் முதல் வகையை வர்க்கலைக் கடற்கரையில் கண்ணால் பார்க்கலாம். அங்கே கடல் அரித்துச் செங்குத்தாக வெட்டிய செம்பாறை முகட்டில், மணற்கல்லின் வழியே இறங்கும் மழைநீர் நடுவிலுள்ள களிமண் அடுக்கைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, முகட்டின் முகத்தில் ஊற்றுகளாகக் கசிகிறது. அந்த முகடு இல்லாத இடங்களில், அதே வர்க்கலை மணற்கல் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கி, மேலும் கீழும் களிமண்ணால் மூடப்பட்டு, அழுத்தத்துக்கு உட்பட்ட நீரடுக்காக மேற்கு நோக்கித் தொடர்கிறது. நல்ல மணலடுக்கிலும் இத்தகைய தாழ்ந்த சரிவில் நீர் ஆண்டுக்குச் சில மீட்டரே நகரும். ஆண்டுக்கு ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஐம்பது கிலோமீட்டரைக் கடக்கப் பத்தாயிரம் ஆண்டுகள் வேண்டும்; இன்றைக்கு ஆழ்குழாயில் ஏறும் நீர், கொச்சி என்ற துறைமுகமே இல்லாத காலத்து மழை.

இந்தக் கணக்கு ஊகத்தோடு நின்றுவிடவில்லை. மழைநீர் மண்ணின் வழியே இறங்கும்போது அதில் கரையும் கரியமில வாயுவில் கார்பன்-14 என்னும் கதிரியக்க அணு சிறிதளவு இருக்கும். அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், நீரில் எஞ்சியிருப்பதை அளந்து அது நிலத்துக்குள் புகுந்த காலத்தை ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் வரை கணிக்கலாம். ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள் தென்னிந்தியாவின் ஆழ்ந்த நீரடுக்குகளை இம்முறையில் ஆராய்ந்து, கடந்த 30,000 ஆண்டுகளின் பருவநிலை மாற்றத் தடயங்கள் அந்நீரில் பதிந்திருப்பதை 1998இல் வெளியிட்டனர்.

கரையோர நீரின் உப்புக்கும் இந்த முதுமையே பெரிதும் காரணம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், வடதுருவப் பக்கக் கண்டங்களில் பனிப்பாறைகள் குவிந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது கேரளக் கரை பல பத்துக் கிலோமீட்டர் மேற்கே விலகியிருந்தது. தாழ்ந்த கடலை நோக்கிச் சரிவு கூடியதால், இன்று கடலுக்கு அடியிலிருக்கும் அடுக்குகளிலும் நன்னீர் புகுந்து பழைய உப்புநீரைத் தள்ளியது. பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. ஆறுகளின் வாய்கள் மூழ்கி, சேறு படிந்து, வேம்பநாட்டுக் காயலும் அதன் தீவுகளும் இன்றைய உருவத்தை எடுத்தன. மேலே மணலிலும் சேற்றிலும் கடல்நீர் விரைவாகப் புகுந்துவிட்டது, ஆனால் கீழே களிமண்ணுக்கு அடியில் அடைபட்ட நீருக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. கேரளக் கரையில் சில இடங்களில் ஆழமற்ற கிணற்றில் உப்பும், அதற்கு வெகு ஆழத்தில் நன்னீரும், வேறு சில இடங்களில் இதற்கு நேர்மாறாகவும் கிடைப்பதற்கு இதுவே விளக்கம். பழைய நீர் என்பதாலேயே அது தூயது என்று கொள்வதும் தவறு. பாறையோடு நெடுங்காலம் உறவாடிய நீர் அதன் கனிமங்களைக் கரைத்துக்கொள்ளும். ஆலப்புழை நகரில் ஆழ்குழாய் நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லைப் பாதித்த சிக்கல் அப்படி வந்ததுதான்.

மழையும் மலைச்சரிவும் மட்டுமே நீரை நகர்த்துவதில்லை. கடலடியில் புதிதாகப் படியும் சேற்றின் கனஅளவில் பாதிக்கு மேல் நீர்தான். அதன்மேல் மேலும் மேலும் படிவு ஏற, அந்நீர் பிழியப்பட்டு மேலேயும் பக்கவாட்டில் மணலடுக்குகளுக்கும் வெளியேறுகிறது. படிவு மிக வேகமாகக் குவிந்து, களிமண் நீரை வெளிவிட நேரமில்லாமல் போனால், மேலிருக்கும் பாறையின் சுமையில் ஒரு பகுதியை நீரே தாங்க நேரிட்டு, அதன் அழுத்தம் இயல்பைவிட மிகவும் உயர்ந்துவிடும். கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் துளையிடுவோர் அஞ்சுவது இத்தகைய மிகை அழுத்தத்தைத்தான். அதே படுகையில் 1995 ஜனவரியில் பாசர்லப்பூடியில் எரிவாயு பீறிட்டுத் தீப்பற்றி, அணைக்க இரண்டு மாதங்களுக்கு மேல் ஆனது.

இந்தப் பிழிதலும் புதைதலும் நடக்கும் அதே களிமண்ணுக்குள்தான் எண்ணெய் பிறக்கிறது. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் அழுகாமல் புதைந்த பாசி, மிதவை உயிரிகள் முதலியவற்றின் எச்சம் கெரோஜன் என்னும் மெழுகு போன்ற பொருளாக மாறுகிறது. அது ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி வரையிலான வெப்பத்தில் பல பத்து லட்சம் ஆண்டுகள் கிடந்தால் எண்ணெயாகவும், அதற்கு மேல் சூடேறினால் எரிவாயுவாகவும் பிரிகிறது. பூமிக்குள் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் கூடுவதால், அதற்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு கிலோமீட்டர் ஆழம் வேண்டும். கரையோரக் கேரளத்தின் 600 மீட்டர் படிவுக்கு இங்கேயே விடை கிடைத்துவிடுகிறது: அதன் அடியில் வெப்பம் ஐம்பது டிகிரியைக்கூட எட்டுவதில்லை. வர்க்கலைப் படிவில் பழுப்பு நிலக்கரியாக நின்றுபோன தாவர எச்சம், அந்த ஆப்பு சமைக்கப்படவே இல்லை என்பதற்குச் சான்று.

பிறந்த எண்ணெய் அங்கேயே தங்குவதில்லை. கெரோஜன் திரவமாகும்போது கனஅளவு கூடி, அழுத்தம் உயர்ந்து, களிப்பாறையில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கி அவற்றின் வழியே வெளியேறுகிறது. பக்கத்து மணற்கல்லை அடைந்ததும் அது நீருக்கு நடுவே வந்துவிடுகிறது. குழம்பின்மேல் எண்ணெய் மிதப்பது போல, நீரைவிட எடை குறைந்த அது மேலெழத் தொடங்குகிறது. ஆனால் குழம்பில் எண்ணெயைத் தடுக்க ஒன்றுமில்லை, பாறையிலோ ஒவ்வொரு துளைக்கும் குறுகிய கழுத்து உண்டு. நீர் ஒட்டிய பருக்கைகளுக்கு இடையில் எண்ணெய்த் துளி நுழைய, மேற்பரப்பு இழுவிசையை வெல்லும் அளவுக்கு அதன் பின்னால் எண்ணெய் சேர்ந்து நிற்க வேண்டும். மணற்கல்லின் அகன்ற கழுத்துகளுக்குச் சில மீட்டர் உயர எண்ணெய்த் தொடர் போதும். களிப்பாறையின் நுண்கழுத்துகளுக்கோ நூற்றுக்கணக்கான மீட்டர் உயரம் சேர்ந்தாலும் போதாது. ஆகவே நீரைக் காலப்போக்கில் மெல்லக் கசியவிடும் களிப்பாறை, எண்ணெய்க்கு மூடுபாறையாகிவிடுகிறது. மூடுபாறையின் அடியில் மேல்வளைந்த மடிப்போ, பாறை உடைந்து நழுவிய பிளவோ எண்ணெயின் மேலேற்றத்தைத் தடுக்கும் இடத்துக்குப் பொறி என்று பெயர். பொறி கிடைக்காத எண்ணெய் நிலப்பரப்பை அடைந்து ஆவியாகியும் நுண்ணுயிரிகளுக்கு உணவாகியும் அழிகிறது. உருவான எண்ணெயில் பெரும்பகுதியின் விதி இதுதான். ஒழுங்காகப் பொறியில் சேர்ந்ததற்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ராக்கி மலையடிவாரத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்துவந்த எண்ணெய், மழைநீரும் நுண்ணுயிரிகளும் எட்டும் ஆழத்தில் நின்றதால், இலகுவான பகுதிகளை இழந்து தாராகவே மாறிவிட்டது.

ஓடும் நீர் எண்ணெயின் திசையையும் மாற்றும். ஹப்பர்ட் 1953இல் காட்டியபடி, நீர் அசையாமலிருந்தால் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான எல்லை கிடைமட்டமாக இருக்கும். நீர் ஓடினால் அந்த எல்லை ஓட்டத்தின் திசையில் சாயும், ஓட்டம் வலுத்தால் நல்ல மடிப்பிலிருந்தும் எண்ணெய் அடித்துச் செல்லப்படும். மடிப்பின் உச்சியில் துளையிட்டு ஏமாந்தவர்கள், அதன் சரிவில் துளையிட்டிருந்தால் வென்றிருக்கலாம் என்பது அக்காலத்து எண்ணெய்த் துறைக்குக் கசப்பான பாடம்.

இவை அனைத்தும் ஒருசேர அமைந்த இடம் காவிரிப் படுகை. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் பிளவுபடத் தொடங்கியபோது, தமிழகத்தின் கிழக்கு விளிம்பு வடகிழக்கு–தென்மேற்குத் திசையில் நீண்ட பள்ளங்களும் முகடுகளுமாக உடைந்தது. பள்ளங்களில் சில ஐந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட படிவை ஏற்றுக்கொண்டன. இங்கும் படிவுகளுக்கு ஊர்ப்பெயர்களே: ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, நன்னிலம், கமலாபுரம். இவற்றுள் ஆண்டிமடம் படிவின் களிப்பாறைகளும் சாத்தப்பாடிக் களிப்பாறையும் எண்ணெய் பிறந்த மூலப்பாறைகளாகக் கருதப்படுகின்றன. சாத்தப்பாடிக் களிப்பாறை தனக்குக் கீழுள்ளவற்றுக்கு மூடியாகவும் அமைந்தது. எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் 1960களிலேயே காரைக்கால் பகுதியில் துளையிட்டுத் தேடத் தொடங்கியும், நரிமணத்தில் எண்ணெய் கண்டது 1985இல்தான். அதையொட்டி 1993இல் நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் சிறு சுத்திகரிப்பு ஆலை வந்தது.

இப்படுகையின் வியப்பு மாதானத்தில் இருக்கிறது. அங்கே எண்ணெயும் எரிவாயுவும் படிவுகளையும் தாண்டி, அவற்றுக்கு அடித்தளமான பழம்பாறையின் வெடிப்புகளிலேயே கிடைத்தன. எப்போதும் மேலேறும் எண்ணெய் தன்னைவிடப் பழைய பாறைக்குள் எப்படிப் போகும் என்ற ஐயம் எழுவது இயல்பு. அப்பழம்பாறை கும்பகோணம்–மாதானம் முகடாக உயர்ந்து நிற்க, அதன் இருபுறமும் மூலப்பாறைகள் அதைவிட ஆழமான பள்ளங்களில் கிடக்கின்றன. பள்ளத்தில் பிறந்த எண்ணெய் பக்கவாட்டில் மேலேறி முகட்டின் வெடிப்புகளில் நுழைந்தது. வயதில் மூத்தது எது என்பது எண்ணெய்க்குப் பொருட்டல்ல, உயரத்தில் இருப்பது எது என்பதே பொருட்டு.

அதே படுகையின் வடபகுதியில், எண்ணெய் அடுக்குகளுக்கு வெகு மேலே, கடலூர் மணற்கல்லில் ஓடுவது நீரின் தனிக்கதை. மேற்கிலும் வடமேற்கிலும் மணற்கல் தரையில் வெளிப்படும் மேட்டு நிலங்களில் மழை உட்புகுந்து, கிழக்கே சரியும் அடுக்கில் களிமண்ணுக்கும் பழுப்பு நிலக்கரிக்கும் அடியில் அடைபட்டு, கடலை நோக்கி நகர்கிறது. புகுந்த இடம் உயரம் என்பதால், நெய்வேலிப் பக்கம் துளையிட்டால் நீர் தானாகவே பொங்கி மேலேறியது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் ஆழ்குழாய் போட்டபோது நீரோடு வந்த கரிய துணுக்குகளே பழுப்பு நிலக்கரியை அறிவித்தன என்று நெய்வேலியின் வரலாறு தொடங்குகிறது. ஆக, நிலக்கரியைக் காட்டிக்கொடுத்ததும் நீர்தான், 1957இல் சுரங்க வேலை தொடங்கியபோது பெரும் பகையாக நின்றதும் நீர்தான். மேல்மண்ணை அகற்றிவிட்டால் கீழிருந்து தள்ளும் நீரழுத்தம் சுரங்கத் தரையையே பிளந்துவிடும் என்பதால், சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்கிணறுகள் அமைத்து இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தாழ்த்திய பிறகே 1961இல் நிலக்கரியை எட்ட முடிந்தது. இறைப்பு இன்றும் நிற்கவில்லை. முன்பு தானே பொங்கிய ஊற்றுகள் சுற்றுவட்டாரத்தில் அடங்கிப்போனதை நோக்க, பல்லாயிரம் ஆண்டுகளில் உருவான ஓர் அழுத்தச் சமநிலையைச் சில பத்தாண்டுகளில் குலைக்க மனிதரால் முடியும் என்பதில் ஐயமில்லை. அதைத் திரும்பக் கட்டும் வேகம் மட்டும் மழையின் கையில் இருக்கிறது.

கொச்சிக்குத் திரும்பினால், எஞ்சியிருப்பது கடலுக்கு அடியிலுள்ள கேள்வி. கரையில் மெலிந்திருக்கும் ஆப்பு கடலுக்குள் கேரளம்–கொங்கணப் படுகையாகப் பல கிலோமீட்டர் தடிமன் பெறுகிறது. அங்கே எண்ணெய் சமைவதற்கான ஆழம் உண்டு. 1970கள் தொடங்கிப் பல கிணறுகள் துளையிடப்பட்டும் வணிகத்துக்கு ஏற்ற எண்ணெயோ எரிவாயுவோ இதுவரை கிடைக்கவில்லை. இந்தியப் படுகைகளின் அரசு வகைப்பாட்டில் காவிரி முதல் பிரிவிலும் இது மூன்றாம் பிரிவிலும் இருக்கின்றன. தெற்கே மன்னார் படுகையில் 2011இல் இலங்கைப் பக்கம் டொராடோ, பராக்குடா என்று பெயரிட்ட இரு கிணறுகளில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டதால், அண்டைப் படுகையான இதன்மேல் நம்பிக்கை முற்றிலும் போய்விடவில்லை.

இடைஞ்சல், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னும் அதையொட்டியும் பொங்கிய தக்காண எரிமலைக் குழம்பு. அது பசால்ட் பாறையாக உறைந்து, மேற்குக் கரைக் கடலடியில் பழைய படிவுகளின்மேல் கிடப்பதால், ஒலி அலைகளை அனுப்பி அடுக்குகளைப் படம்பிடிக்கும் நில அதிர்வு முறை அதற்குக் கீழே மங்கிவிடுகிறது. பசால்ட்டுக்கு மேலுள்ள படிவுகளில் மூலப்பாறை போதிய வெப்பம் கண்டிருக்கிறதா, அதற்குக் கீழே மூலப்பாறை இருக்கிறதா, இருந்தால் அதிலிருந்து எண்ணெய் புறப்பட்டபோது பொறிகள் அமைந்திருந்தனவா என்ற மூன்று கேள்விகளில் கடைசியே கடினமானது. பொறி ஒரு கோடி ஆண்டு தாமதமாக அமைந்திருந்தால், எண்ணெய் வந்து போனபின் அதில் நிற்பது உப்புநீர் மட்டுமே. ஆகவே அடுத்த ஆழ்கடல் கிணறு வெறுமையாக முடிந்தாலும், அதன் மணற்கற்களிலிருந்து எடுக்கும் நீரின் அழுத்தமும் உப்பளவும், கற்துகள்களில் பதிந்திருக்கும் வெப்பத் தடயமும் அம்மூன்றாம் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவை. அதுவரை அம்பலமுகள் ஆலைக்கு எண்ணெய், வேறு படுகைகளின் பொறிகளிலிருந்து, கப்பலில்தான் வரும்.